நாவுக்கு இடும் கட்டளை

கேள்வி: நோயால் பேச்சை இழந்தவர் மனத்தில் நினைப்பதைக் கணினி படித்துச் சொல்லிவிடுமா?

பதில்: நினைப்பதை எல்லாம் அல்ல; பேச முயலும்போது உதட்டுக்கும் நாவுக்கும் மூளை இடும் கட்டளையைத்தான் அது படிக்கிறது. மூளையின் மேற்பரப்பில் இயக்கத்தை ஆளும் பகுதியில் பதிக்கப்படும் நுண்ணிய மின்முனைகள் நரம்பணுக்களின் துடிப்புகளைப் பதிவுசெய்ய, கணினி அவற்றிலிருந்து ஒலிகளை ஊகித்துச் சொற்களாகக் கோக்கிறது. ஏ.எல்.எஸ். எனும் நரம்புச் சிதைவு நோயால் தெளிவாகப் பேச இயலாத ஒருவர், இம்முறையில் நிமிடத்துக்கு 62 சொற்களை வெளிப்படுத்தியதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அறிவித்தனர். 1,25,000 சொற்கள் கொண்ட தொகுப்பிலிருந்து கணினி ஊகித்துச் சொன்ன சொற்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பிழையானதையும் அவர்கள் மறைக்கவில்லை. செய்தித் தலைப்புகள்தாம் அதை மறந்துவிடுகின்றன. மண்டையோட்டைத் திறக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும், துடிப்புகள் நாளுக்கு நாள் சற்றே மாறுவதால் கருவியை மீண்டும் பழக்க நேர்வதும் இன்னும் தீராத இடர்ப்பாடுகள்.