நான்கு குழாய் வேண்டாம், இரண்டு போதும்: காரைக்காலுக்கு வரும் கிராஃப்ட் பீர்

கேள்வி: காரைக்காலில் பாருடன் கூடிய உணவகம் நடத்துகிறோம். இதுவரை பாட்டில் பீர் மட்டும்தான். புதுச்சேரியில் உள்ள ஒரு சிறிய பீர் ஆலை, தன் கிராஃப்ட் பீர்களை முதன்முதலாக எங்கள் ஊரில் அறிமுகப்படுத்த எங்களை அணுகியிருக்கிறது. 30 லிட்டர் கெக் (எஃகுப் பீப்பாய்), நான்கு குழாய் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? நம் பக்கத்து அரிசியில் ஒரு பீர் செய்து தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு குழாய் வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 30 லிட்டர் கெக்கில் 330 மில்லி கிளாஸ் ஏறத்தாழ 90 வரும். நுரையிலும் குழாய் கழுவுவதிலும் போவதைக் கழித்தால் கையில் நிற்பது 80 முதல் 85. நீங்கள் இதுவரை விற்ற பாட்டில் பீர் பெரும்பாலும் சூடுகாட்டிக் கிருமி நீக்கப்பட்டது. மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் தாங்கும். சிறு ஆலைகளின் கெக் பீர் பல சமயம் அப்படிச் செய்யப்படுவதில்லை. அதற்கு நிரப்பிய நாளிலிருந்து, விடாமல் குளிரில் இருந்தால், 45 முதல் 60 நாள் ஆயுள். குழாயில் மாட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் ஓட்டலாம் என்பார்கள். ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக உள்ள பீரின் மணம் அதற்கு முன்பே மங்கிவிடும். என் கணக்கு இன்னும் கறாரானது. மாட்டிய கெக் ஒரு வாரத்தில் காலியாக வேண்டும். அதாவது ஒரு குழாய்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிளாஸ். அந்த ஓட்டம் இல்லாத குழாய் பாருக்கு அழகு சேர்க்கும், பீரைக் கெடுக்கும்.

புது ஊரில் ஒரு பீர் நிலைக்குமா இல்லையா என்பதை அறிமுக நாள் தீர்மானிப்பதில்லை. முதல் நாள் கூட்டம் எப்படியும் வரும். மூன்றாவது வாரத்தில் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்து வாங்கும் கிளாஸ் முதல் நாள் குடித்தது போலவே இருக்கிறதா என்பதுதான் விஷயம். அது ஆலையின் கையில் பாதி, உங்கள் கையில் பாதி.

முதலில் வழி. புதுச்சேரியிலிருந்து காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். இரண்டு முனையும் ஒரே யூனியன் பிரதேசம். நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று எல்லாம் தமிழ்நாடு. ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் கலால் துறையின் அனுமதிச் சீட்டு முறையாக இருக்க வேண்டும். அதை எடுப்பதும், வண்டி வழியில் நின்றால் பொறுப்பேற்பதும் ஆலையின் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் பார் உரிமத்தில் கெக்கிலிருந்து ஊற்றி விற்கலாமா என்பதையும் காரைக்கால் கலால் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். வாய்மொழியாக 'பிரச்சினை இல்லை சார்' என்று யார் சொன்னாலும் குழாய் பொருத்தச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்தது வண்டி. குளிரூட்டிய வண்டியில்தான் வர வேண்டும். வெயில் காலத்தில் தார்ப்பாய் போர்த்திய மினி லாரியில் மதியம் வந்து இறங்கும் கெக்கைத் திருப்பி அனுப்புங்கள். வந்த கெக்கின் சூட்டைப் பார்க்கப் பலரும் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை நீட்டுவார்கள். பளபளக்கும் எஃகில் அது தப்பாகக் காட்டும். கெக்கின் பக்கவாட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, அந்த டேப்பின் மேல் பிடியுங்கள். ஓரளவு நம்பலாம். குழாயில் மாட்டிய பிறகு இரண்டாவது கிளாஸில் கம்பித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பது இன்னும் உறுதி.

குழாய்க்குப் போகும்போது பீர் 3 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். 10 டிகிரியில் வந்த கெக் அந்த நிலைக்கு இறங்கவே ஒரு முழு நாள் ஆகும். அதற்கு மேல் சூடேறியிருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே சனிக்கிழமை ஊற்ற வேண்டிய கெக் வியாழக்கிழமை காலையே கூலருக்குள் இருக்கட்டும். மீன் வைக்கும் ஃப்ரீசரில் போட்டு அவசரமாகக் குளிர்விக்க நினைக்காதீர்கள், பீர் உறைந்து கெட்டுப்போகும். கெக் கூலர் ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். கடற்காற்று கண்டென்சர் தகடுகளைச் சீக்கிரம் அரித்துவிடும் என்பது உங்கள் ஏசி மெக்கானிக்குக்குத் தெரிந்ததுதான். கூலரையும் அவர் பார்வையில் சேர்த்துவிடுங்கள்.

கெக்கிலிருந்து பீரைக் குழாய்க்குத் தள்ளுவது சிலிண்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வாயு. அந்த விஷயத்தில் ஊழியர்கள் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. நுரை அதிகம் வந்தால் உடனே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது பீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு குழாய்க்குள்ளேயே பிரிந்து இன்னும் நுரைக்கும். இரண்டு நாளில் பீர் சப்பென்று ஆகிவிடும். நுரைக்கு முதல் காரணம் சூடு. தெர்மாமீட்டரைப் பார்த்த பிறகுதான் ரெகுலேட்டரில் கை வைக்க வேண்டும். 3 டிகிரியில் வழக்கமான லாகர் (குளிரில் மெதுவாக நொதிப்பது), ஏல் (சற்றே சூட்டில் வேகமாக நொதிப்பது) வகைக்கு ரெகுலேட்டரின் அழுத்த அளவு 11 முதல் 12 பிஎஸ்ஐ போதும். கோதுமை பீரில் வாயு கூடுதலாகக் கரைந்திருக்கும், அதற்கு 16, 17 வரை வேண்டும். ஆகவே இரண்டு குழாய்க்கும் தனித்தனி ரெகுலேட்டர் கேளுங்கள். ஆலைக்காரர் ஒன்றே போதும் என்றால் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி ஆளை மயக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

இனி சுத்தம். நல்ல பீர் கெடும் இடம் பெரும்பாலும் ஆலை அல்ல, கெக்குக்கும் கிளாஸுக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய குழாய்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 முதல் 3 சதவீதக் காரக் (காஸ்டிக் சோடா வகை) கரைசலை அதில் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அலசிய தண்ணீரில் பிஹெச் தாளைத் தொட்டுப் பார்த்து, காரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே பீரைத் திறக்க வேண்டும். குழாயின் வாய்ப்பகுதியைக் கழற்றித் தேய்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல். காரத்துக்குக் கரையாத கால்சியம் ஆக்சலேட் படிவு அதற்குத்தான் போகும். இதைத் தள்ளிப்போட்டால் பீரே சொல்லிவிடும். வெண்ணெய் வாடையும் லேசான புளிப்பும் சேர்ந்து வந்தால் குழாயில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று பொருள். வினிகர் வாடை என்றால் காற்று பட்டுப் புளித்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. 'இந்த கிராஃப்ட் பீரே இப்படித்தான் போல' என்று எழுந்து போய்விடுவார், திரும்ப வரமாட்டார். ஆலையின் ஆள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து கழுவுவாரா, உங்கள் ஆளுக்குக் கற்றுத் தருவாரா என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி முடியுங்கள். 130 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தவறாமல் வருவார் என்று நான் நம்ப மாட்டேன். உங்கள் ஆளே கற்றுக்கொள்வது நல்லது.

கிளாஸ் விஷயமும் அப்படித்தான். உங்கள் சமையலறையில் நாள் முழுக்க நெத்திலியும் வஞ்சிரமும் வறுபடும். அந்தத் தட்டைத் தேய்த்த ஸ்பாஞ்சால் பீர் கிளாஸைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டும், நுரை நிமிடத்தில் அடங்கிவிடும். பீர் கிளாஸுக்குத் தனித் தொட்டி, தனி ஸ்பாஞ்ச் வையுங்கள். சோதிப்பது சுலபம்: கிளாஸை நனைத்து உள்பக்கம் தூள் உப்பைத் தூவுங்கள். எண்ணெய் உள்ள இடத்தில் உப்பு ஒட்டாமல் திட்டாகத் தெரியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்துங்கள். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

சரி, எந்த இரண்டு பீர்? நம் ஊர்க்காரர்களின் நாக்கு ஸ்ட்ராங் பீருக்குப் பழகியது. இந்திய விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் ஸ்ட்ராங். கிராஃப்ட் கோதுமை பீர் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 'என்னங்க, ஒண்ணுமே ஏறலையே' என்று முதல் வாரமே கேட்பார்கள். அதற்காக ஆலையின் பட்டியலிலேயே காட்டமானதைத் தேடி எடுக்காதீர்கள். போதைக்காக மட்டும் வருபவர் விலையைப் பார்த்ததும் பாட்டிலுக்கே போய்விடுவார். ருசிக்காக ஒரு கிளாஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்தான் உங்கள் ஆள். ஒரு குழாயில் தெளிந்த லாகர், இன்னொன்றில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பெல்ஜிய பாணி கோதுமை பீர். நண்டு மசாலாவுக்கும் மீன் வறுவலுக்கும் இவை இரண்டும் இதமாகப் போகும். ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான கசப்பு ஏல்) கேட்டால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அதன் கசப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். கோதுமை பீர் கலங்கலாக இருக்கும், அது புரதமும் ஈஸ்ட்டும். 'கெட்டுப்போச்சா?' என்று கேட்பவருக்குச் சொல்ல ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். தயங்குபவருக்கு 60 மில்லி ருசி பார்க்கக் கொடுங்கள்.

அறிமுகத்தைச் சனிக்கிழமை வைக்காதீர்கள். திருநள்ளாறு பக்தர்கள் ஊரை நிறைக்கும் நாள் அது. மாங்கனித் திருவிழா, சனிப்பெயர்ச்சி நாட்களும் வேண்டாம். ஊரின் மரியாதையைக் காப்பாற்றித்தான் இந்தத் தொழில் செய்ய முடியும். வாசலில் பேனர் வேண்டாம். வார நாளில் பழகிய வாடிக்கையாளர்களை மட்டும் அழைத்து, பீர் காய்ச்சுபவரையே வந்து ஊற்றச் சொல்லுங்கள். விற்பனைப் பிரதிநிதி போதாது.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள். பீரைப் பாட்டிலில் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவது அவர். வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு பாயும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் சிறை, அல்லது இரண்டும். நம்பகமான இரண்டு ஆட்டோக்காரர்களின் எண்ணைக் கல்லாவில் ஒட்டி வையுங்கள்.

செலவுக் கணக்கில் ஒரு குறிப்பு: மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட்தான். கூலருக்கும் குழாய்க்கும் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியை பீர் விற்பனையில் கழிக்க முடியாது. அதனால் கருவிகளை ஆலையே வாங்கி உங்களிடம் வைக்கட்டும், பழுதும் அவர்களுடையது என்று பேசுங்கள்.

இப்போது அரிசி. கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். அரிசி சேர்த்தால் பீர் இலகுவாகவும் நாக்கில் தங்காமலும் வரும், நம் வெயிலுக்கு ஏற்றது. சிக்கல் என்னவென்றால், அரிசியின் ஸ்டார்ச் இளகுவதற்கு 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) ஊறவைப்பதோ 65 டிகிரி சுற்றில். அதனால் பெரிய ஆலைகள் அரிசியைத் தனிப் பாத்திரத்தில் வேகவைக்கின்றன. சிறு ஆலையில் அந்தப் பாத்திரம் இருக்காது, 'முடியாது சார்' என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு நம்மிடமே விடை இருக்கிறது: அவல். நெல்லை ஊறவைத்து வறுத்து இடிக்கும்போதே ஸ்டார்ச் வெந்துவிடுகிறது. நேராக மால்ட்டோடு போட்டு ஊறவைக்கலாம். மொத்தத் தானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்கச் சொல்லுங்கள். அவலுக்கு உமி இல்லாததால் அதற்கு மேல் போனால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும், ருசியும் மெலியும். கறுப்புக் கவுனி அவல் போட்டால் நிறத்துக்கு அழகாக இருக்குமே என்று யாராவது ஆசைப்படுவார்கள். விலைதான் ஏறும். முதல் முறைக்குச் சாதாரண கெட்டி அவலே நல்லது.

ஆனால் இதை அறிமுகத்துக்கே கேட்காதீர்கள். லாகராகச் செய்தால் நாலைந்து வாரமாவது ஆகும். தவிர, ஒரு தொட்டி முழுக்க உங்களுக்காகவே காய்ச்ச அவர்களுக்குத் துணிவு வர வேண்டுமானால் உங்கள் இரண்டு குழாயும் வாரம் தவறாமல் காலியாவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று மாத விற்பனைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். காலி கெக் ஏற்ற வரும் வண்டியிலேயே சோதனைக்கு ஐந்து கிலோ அவலையும் அனுப்பிவிடுங்கள்.