டெர்ஜிவர்சேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்தலாம்?

பிடி கொடுக்காமல் மழுப்பிப் பேசுவதுதான் டெர்ஜிவர்சேஷன். லத்தீனில் 'டெர்கும்' என்றால் முதுகு, 'வெர்சாரே' என்றால் திருப்புவது. மூலம் தெரிந்துவிட்டால் இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் சேர்ந்தே பிடிபடும். கேள்விக்கு முதுகைக் காட்டினால் மழுப்பல். நம்பி நின்ற கொள்கைக்கோ கட்சிக்கோ முதுகைக் காட்டினால் அணி மாறல். எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் இதுவும் ஒன்று.

ஒரு விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்கிறார்கள். "அந்தச் சமயத்தில் நிறைய அறிக்கைகள் வந்தன" என்கிறார் அதிகாரி. மறுபடி கேட்டால், "எல்லாம் நடைமுறைப்படிதான் நடந்தது." மூன்றாம் முறை, "கையெழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?" அப்பட்டமான பொய் எதுவும் இல்லை, ஆனால் பதிலும் இல்லை. இப்படி வழுக்கிக்கொண்டே போவதற்குத்தான் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

இதன் உறவுக்காரச் சொற்களும் உண்டு. ஈக்விவொகேட் என்றால் இரு பொருள்படப் பேசிக் குழப்புவது. ப்ரிவாரிகேட் இன்னும் கொஞ்சம் பொய்யின் பக்கம் சாய்ந்தது.

வினைச்சொல் டெர்ஜிவர்சேட். டிக்‌ஷனரி.காம் 2011ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. இருந்தாலும் சாதாரணப் பேச்சில் போட்டால் ஆங்கிலம் தாய்மொழியானவர்களே விழிப்பார்கள். தலையங்கம், அரசியல் கட்டுரை, வரலாற்று நூல் என்றால் சரி. அலுவலக மின்னஞ்சலில், மழுப்பலான என்று பொருள்படும் 'இவேசிவ்' என்றே எழுதுங்கள்.