உடற்கல்வி படிக்கச் சின்னப் பல்கலைக்கழகம் போதுமா?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்தது. கைப்பந்து நன்றாக ஆடுவேன். சுகாதாரமும் உடற்கல்வியும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மொத்தமே 20 பேர்தானாம். ஒரு வருஷம் பொறுத்துப் பெரிய இடத்துக்கு முயற்சி செய் என்கிறார் அப்பா. சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். அந்தப் பட்டம் ஆசிரியர் வேலைக்குச் செல்லுமா? செல்லாது என்றால் பேச்சே இல்லை, அப்பா சொல்வதுதான் சரி. அடுத்தது, படிப்பு முடிவதற்குள் எத்தனை வாரம் நிஜப் பள்ளிக்கூடத்தில் நின்று வகுப்பெடுக்க விடுவார்கள்? 'பயிற்சி உண்டு' என்று கையேட்டில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல், கடைசி ஆண்டு மாணவர் யாரையாவது தனியாகப் பிடித்துக் கேளுங்கள்.

கைப்பந்து ஆடுகிறவர் என்பதால், சின்ன இடத்திலும் பெரிய விஷயம் பிறக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சின்னப் பயிற்சிக் கல்லூரி. 1891 டிசம்பரில், குளிருக்குப் பயந்து உள்ளரங்கில் அடைபட்ட மாணவர்களைச் சமாளிக்க முடியாமல், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அதுதான் கூடைப்பந்து. அங்கேயே படித்த வில்லியம் மார்கன், கூடைப்பந்து அளவுக்கு ஓடியாட முடியாத நடுவயதுக்காரர்களுக்காக 1895-இல் உருவாக்கியதுதான் நீங்கள் ஆடும் கைப்பந்து!

ஆய்வகம் சுமாராக இருக்குமே என்று தோன்றும். இருக்கலாம். ஆனால் கூட்டமான வகுப்பில் விலையுயர்ந்த கருவியைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதைவிட, 12 நிமிட ஓட்டச் சோதனையை நீங்களே பத்து முறை நடத்துவது மேல். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட சோதனை அது. ஓடிய தூரத்திலிருந்து (மீட்டரில்) 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், உடல் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். 2,400 மீட்டர் ஓடினால் சுமார் 42, அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு அத்தனை மில்லிலிட்டர். விசில், கடிகாரம், அளந்த தடம் இருந்தால் போதும்.

குறையும் உண்டு. விருப்பப் பாடங்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஒரு பேராசிரியர் விலகிவிட்டால் அந்தப் பாடமே தள்ளாடும். அப்புறம், நாள் முழுக்க மைதானம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், ஊட்டச்சத்து, மனநலம் என்று உட்கார்ந்து படிக்க வேண்டியது நிறைய. அது சம்மதமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இந்தப் படிப்பில் ஆசை. ஆனால் விளையாட்டில் பரிசு ஒன்றுகூட வாங்கியதில்லையே?

பதில்: அதனால் என்ன? 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடற்செயல்பாடு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரிசு வாங்கும் பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே ஓடுவார்கள். ஓரமாக நிற்கிற பிள்ளையை உள்ளே இழுப்பதுதான் ஆசிரியரின் பாடு, அங்கே நின்று பார்த்தவருக்கு அது கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும். செய்முறைத் தேர்வில் நீச்சல் உண்டா என்று மட்டும் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். உண்டென்றால் வகுப்பு தொடங்குவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடட்டும்.