கசாண்ட்ரா பார்க்கும் குழந்தைகள் யார்?

வணக்கம். ஈஸ்கிலஸ் எழுதிய 'அகமெம்னான்' என்ற பழைய கிரேக்க நாடகத்தில், டிராய் போரில் வென்று திரும்பும் மன்னன் அகமெம்னான் சிறைபிடித்து வந்த தீர்க்கதரிசி கசாண்ட்ரா அரண்மனை வாசலில் நின்று, கொல்லப்பட்ட குழந்தைகள் தெரிகிறார்கள் என்று அலறுகிறாளே, அது அகமெம்னானின் மகள் இஃபிஜெனியாவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அவர்கள் தையெஸ்டஸின் பிள்ளைகள்.

அகமெம்னானின் அப்பா அட்ரியஸ். அவருடைய தம்பி தையெஸ்டஸ். தம்பி அண்ணியோடு உறவு வைத்துக்கொண்டதோடு அரியணைக்கும் ஆசைப்பட்டான். அட்ரியஸ் சமாதானம் பேசுவதுபோல் அவனை விருந்துக்கு அழைத்து, அவன் பிள்ளைகளையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினார். விஷயம் தெரிந்ததும் தையெஸ்டஸ் அந்த வம்சத்தையே சபித்தான். கசாண்ட்ரா காணும் பிள்ளைகள் தங்கள் சதையைக் கையில் ஏந்தி நிற்பது அதனால்தான்.

தையெஸ்டஸின் பிள்ளைகளில் தப்பிய ஒரே மகன் ஏகிஸ்தஸ். அகமெம்னானின் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவின் காதலன் இவன்; அகமெம்னானைக் கொல்லும் சதியில் அவளுடைய கூட்டாளி. அவனை வெறும் கள்ளக்காதலனாகப் பார்த்தால் கடைசிக் காட்சி புரியாது; அவனுக்குத் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு இருக்கிறது. கிளைடெம்னெஸ்ட்ராவின் கோபம் வேறு: கப்பல்களுக்குக் காற்று வேண்டி மகள் இஃபிஜெனியாவைக் கணவன் பலி கொடுத்தது. இரண்டு பழிகள் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. நாடகத்தின் பலமே அதுதான் என்பேன்.

அட்ரியஸின் தாத்தா டான்டலஸ், அப்பா பெலாப்ஸ் ஆகியோரின் கதைகளும் இதே வம்சத்தவைதான். ஆனால் இந்த நாடகத்துக்கு அவை அவசியமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கி.மு. 458-இல் அரங்கேறிய முத்தொடரில் இது முதல் பாகம். அகமெம்னானின் மகன் ஓரெஸ்டஸ் அப்பாவின் கொலைக்குப் பழிவாங்கத் தாய் கிளைடெம்னெஸ்ட்ராவைக் கொல்வதும், ஏதென்ஸில் நடக்கும் விசாரணையில் சரிசமமான வாக்குகளால் விடுதலையாவதும் அடுத்த இரண்டில் வரும்.