முடியாத நாவலும் மனைவியின் வளையலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 34 வயது. கும்பகோணத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். மனைவி, ஒரு பெண் குழந்தை. கல்லூரி இறுதியாண்டில் ஒரு வார இதழின் சிறுகதைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரே இரவில் எழுதி அனுப்பிய கதை. அது ஏன் பிடித்தது என்று நடுவர்கள் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் எனக்கு ‘எழுத்தாளர்’ என்றே பெயர்.

மூன்று மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களைத் தொடங்கியிருக்கிறேன். கடல் கொண்ட பூம்புகாரில் கடைத்தெரு இன்னும் நடப்பதாக வைத்து ஒரு முத்தொகுதி. கொல்லிமலைத் தொன்மத்தில் வரும் கொல்லிப்பாவையை வைத்து ஒன்று. மூன்றாவது, குடிமக்களிடம் பணத்துக்குப் பதிலாக நினைவுகளை வரியாக வசூலிக்கும் ஒரு நாட்டின் கதை. அதில் ஒரு கிழவி தன் கல்யாண நாளின் நினைவை வரியாகக் கட்டுகிறாள். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியவள், கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த மஞ்சள் கயிறு எதற்கு?” என்று குமாஸ்தாவிடமே கேட்கிறாள்.

பூம்புகார் நாவலுக்கு வரைபடங்கள், அரச வம்சாவளி, கடலடி மக்களுக்கென்று ஒரு மொழி, அதற்கு இலக்கணம் எல்லாம் தயார். அட்டைப்படம்கூடச் செய்துவிட்டேன். ஆனால் எந்த நாவலும் நான்கைந்து அத்தியாயங்களைத் தாண்டவில்லை. ஒன்று நின்றால் அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் ஆண்டுக்கணக்காக உலகத்தைத்தானே உருவாக்கிக்கொண்டிருந்தார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு பதிப்பகத்தார், 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதிகள் அச்சிட்டு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியிட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். எழுதியதைக் காட்டச் சொல்லவில்லை, முன்பணம்தான் கேட்கிறார்கள். கெடு ஒன்று இருந்தால் முடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. மனைவியிடம் வளையலை அடகு வைக்கக் கேட்டேன். “முதலில் ஏதாவது ஒன்றை முடித்துக் காட்டுங்கள்” என்றாள். அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. நான் சோம்பேறியா, அல்லது எனக்கு எழுதவே வராதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

அன்புத் தம்பிக்கு,

சோம்பேறி எவனும் கடலடி மக்களுக்கு இலக்கணம் எழுத உட்காரமாட்டான். அந்தக் கவலையை விடுங்கள். எழுத வருமா என்று தீர்ப்புச் சொல்ல நான் விமர்சகர் இல்லை. ஆனால் ரசீதை இடுப்பில் செருகிய அந்தக் கிழவியைப் படித்த பிறகு அடுத்த கடிதத்தை உடனே பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் அந்தப் பரிசில் தொடங்கியிருக்க வேண்டும். 1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்தார்கள். அவர்கள் குருட்டாம்போக்கில் எதையோ எழுத, “பிரமாதமாகச் செய்துவிட்டீர்கள்” என்று பாராட்டினார்கள். பிறகு, அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று விளக்கமும் சொல்லப்பட்டது. ஏன் பாராட்டப்பட்டோம் என்று புரியாத மாணவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் மந்தமாக்கும் மருந்தைக் கேட்டார்கள். அடுத்த முறை தோற்றாலும் பழியை மருந்தின் மேல் போட்டுவிடலாம், கிடைத்த பெயர் கெடாது.

காரணம் தெரியாத பாராட்டு உங்களுக்கும் கிடைத்தது. உங்கள் மருந்து, அந்த வரைபடங்கள். நாவலை முடித்தால் யாராவது படிப்பார்கள், படித்தால் ‘இவ்வளவுதானா’ என்று கேட்கக்கூடும். முடியாத வரை அந்தக் கேள்விக்கு இடமில்லை, முதல் பரிசும் பத்திரமாக இருக்கும். இதை நீங்கள் திட்டமிட்டுச் செய்வதாகச் சொல்லவில்லை. மனம் தன்னைக் காத்துக்கொள்ள நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

டோல்கீனைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் ஆண்டுக்கணக்காக உருவாக்கிய அந்த உலகத்தின் புராணக் கதைகள், ‘சில்மரில்லியன்’, 1973இல் அவர் இறக்கும்போதும் முடிந்திருக்கவில்லை; மகன் தொகுத்து 1977இல்தான் வெளியிட்டார். அவரை எழுத்தாளராக ஊருக்குக் காட்டியது 1937இல் வெளிவந்த, முடித்துக் கொடுத்த ‘ஹாபிட்’ என்ற ஒரு சிறுவர் கதை. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் தன் 10 வயது மகனிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பையன் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். டோல்கீனிடமும் வரைபடங்கள் இருந்தன, மொழிகள் இருந்தன. அந்தப் பையன் படிப்பதற்குக் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு கதையும் இருந்தது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். முத்தொகுதியையும் கொல்லிப்பாவையையும் கட்டி மேலே வையுங்கள். நினைவு வரி நாவலையும் நாவலாக நினைக்காதீர்கள். கிழவி வரிசையில் நிற்பதில் தொடங்கி, குமாஸ்தா அவளுக்கு என்ன பதில் சொன்னான் என்பது வரை பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு முழுக் கதையாக எழுதுங்கள். அந்த நாட்டின் பெயர், அரசன் பெயர் எதுவும் வேண்டாம். நாள்முழுக்கப் பேரேடும் ரசீதுமாக உழலும் உங்களுக்கு அந்தக் குமாஸ்தாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுமாராக வந்தாலும் முடியுங்கள். முடிக்கும்வரை கதையை யாரிடமும் வாயால் சொல்லாதீர்கள். டீக்கடையில் சொல்லித் தீர்த்துவிட்டால் மேசையில் உட்கார வேகம் இருக்காது.

அந்தப் பதிப்பகத்தாருக்குப் பணம் கட்ட வேண்டாம். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறில்லை, பலர் போடுகிறார்கள். ஆனால் ஒரு வரிகூடப் படிக்காமல் முன்பணம் கேட்பவர்களிடம் நீங்கள் வாங்குவது அச்சுக்கூலி ரசீதுதான், அதை அங்கீகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை அரசே இலவசமாகத் தருகிறது. கிண்டிலில் மின்னூலாக வெளியிடவும் கட்டணம் கிடையாது. பிற்பாடு ஒரு நாவல் முடிந்து, பணம் கேட்கும் பதிப்பகத்தோடு பேச நேர்ந்தால், பதிப்புரிமை யாரிடம் இருக்கும், மின்னூல் உரிமை யாருக்கு, விற்காத பிரதிகள் எங்கே போகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கெடு விஷயத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வளையல் அடகுக் கடையில் இருக்கும்போது உங்களுக்கு வரைபடம் வரைவதற்கு இன்னும் வலுவான காரணம் கிடைத்துவிடும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ வேலையில் மனம் செல்லாவிட்டாலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

மனைவி சொன்னது உங்களுக்குக் குத்தலாகப் பட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் எழுத்தில் முடிந்த ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் ‘எழுத்தாளர்’ என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். வளையலைக் கேட்டது தப்பு என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். கதை முடிந்ததும் அவரிடமே முதலில் கொடுங்கள். படிக்கும்போது பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு மகாமகக் குளக்கரைப் பக்கம் போய்விட்டு வாருங்கள்.