ஜம்போரிக்கு அனுப்பலாமா டீச்சர்?

(ஜம்போரி எனப்படும் பெரிய சாரணர், சாரணியர் முகாம்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், அரசுப் பள்ளியில் நெடுங்காலம் கைடு கேப்டனாக, அதாவது சாரணியர் படையின் பொறுப்பாளராக இருந்த ஆசிரியை.)

மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளியில் சாரணியர் படையில் இருக்கிறாள். தேசிய ஜம்போரிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். வட இந்தியாவில் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கணுமாம். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டாள். அனுப்பலாமா டீச்சர்?
– ஒரு தாய், திண்டுக்கல்

அனுப்புங்கள். தட்டு விஷயம் இரண்டாம் நாளே சரியாகிவிடும், கழுவி வைக்காவிட்டால் அடுத்த வேளைக்குத் தட்டு இருக்காது, அவ்வளவுதான்.

நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனது ராஜஸ்தான் ரோஹட்டில் நடந்த 18ஆவது தேசிய ஜம்போரிக்கு, 2023 ஜனவரி 4 முதல் 10 வரை. ஜோத்பூருக்கும் பாலிக்கும் நடுவில் வறண்ட வெட்டவெளி. அங்கே 35,000 பேருக்கு ஒரு ஊரையே எழுப்பியிருந்தார்கள். பகலில் புழுதி, ராத்திரியில் குளிர். குளிர் என்றால் நம்ம ஊர் மார்கழிக் குளிர் இல்லை, பையில் இருந்த தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துபோய்ப் பிள்ளைகள் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித் தலை வாரினார்கள். அதனால் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு சாக்ஸ், காதை மூடுகிற குல்லா, கனமான போர்வை, உதட்டுக்கு வாசலின், இதெல்லாம் வேண்டும். முகாம் வேறு மாதத்தில், வேறு ஊரில் என்றால் அந்த ஊர் வெயில், மழையைக் கேட்டுக்கொண்டு பையைக் கட்டுங்கள்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத, ஆனால் மனதில் இருக்கிற கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். சாரணர்களும் சாரணியர்களும் தனித்தனி முகாம்தான், சாரணியருடன் பெண் ஆசிரியைகள்தான் தங்குவார்கள். கழிவறை தற்காலிகமாக அமைத்ததாக இருக்கும், விடிந்தபின் போனால் வரிசை நகராது, அதனால் எங்கள் பிள்ளைகள் நான்கு மணிக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேராகச் சேர்ந்து போய்வந்துவிடுவார்கள். மாதவிடாய் தேதி தள்ளித்தான் இருக்கிறது என்று நினைத்து நாப்கின் கொடுக்காமல் விடாதீர்கள், பயணமும் குளிரும் தேதியை மாற்றிவிடும். நாப்கின், பழைய செய்தித்தாள், கறுப்புக் கவர் எல்லாம் ஒரு பையில் தனியாக இருக்கட்டும்.

அப்புறம் போன். மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிற பிள்ளையும் அம்மா குரலைக் கேட்டதும் அழும், அதைப் பார்த்துக் கூடாரமே அழும்.

இந்த முறை எங்கள் அணி கேட்வே (முகாம் நுழைவாயில் அமைக்கும்) போட்டியில் பரிசு வாங்கியே ஆகணும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். என்ன மாடல் கட்டினால் மார்க் விழும்?
– சாரண ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடலைவிடக் கட்டுதான் முக்கியம். நுழைவாயில் முழுக்க மூங்கிலும் கயிறும்தான், ஆணி கூடாது, அதனால் நடுவர் முதலில் கையால் ஆட்டித்தான் பார்ப்பார். கிளவ் ஹிட்ச் முடிச்சைப் போட்டு ஆரம்பித்து, குறுக்கே வைத்த இரண்டு மூங்கிலைச் சேர்க்கிற ஸ்கொயர் லாஷிங் கட்டை இறுக்கி முடிக்கப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தால் போதும், தஞ்சாவூர் கோபுரம் வேண்டாம். கோபுரம் வைக்கிற படைகளில் கட்டுவது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான், பிள்ளைகள் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாரணர் முறையே ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்கு அவர்களிலேயே ஒரு தலைவர் என்பதுதான். 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை அப்படித்தான் அணி அணியாகப் பிரித்தார். அணித்தலைவர் செய்ய வேண்டியதை நாம் செய்தால் அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்றும் சொல்லணும். அணிவகுப்பு, கொடி ஏந்திப் போகிற கலர் பார்ட்டி, நாட்டுப்புற நடனம், கண்காட்சி, உணவு அரங்கம் என்று போட்டிகள் வரிசையாக இருக்கும். நாங்களும் கலந்துகொண்டோம், நல்லதுதான். ஆனால் மத்தியானம் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தையும் ஒத்திகைக்கு எடுத்துக்கொள்கிற ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பக்கத்து மாநிலக் கூடாரத்தில் போய் உட்காருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது, மிசோரம் பிள்ளைகளுக்கும் அவ்வளவாகத் தெரியவில்லை, இரண்டு தரப்பும் அரைகுறை ஆங்கிலத்தில் மணிக்கணக்காக என்னதான் பேசினார்களோ, புளிசாதம் மொத்தமும் அந்தக் கூடாரத்தில் தீர்ந்துபோயிருந்தது. கொடியேற்றத்தில் எல்லோரும் சேர்ந்து "தயா கர் தான்" என்ற இந்திப் பிரார்த்தனைப் பாட்டைப் பாடுவார்கள், அர்த்தம் கேட்டால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் விழிப்பார்கள், மெட்டு மட்டும் பிசகாது. நடனத்தை ஊரிலேயே ஆடிப் பழக்கிவிட்டு வாருங்கள் சார், மத்தியானத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பேட்ஜ் மாற்றிக்கொள்வார்களாமே, நான் என்ன கொண்டுபோகணும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அறந்தாங்கி

உன் மாவட்டப் பேட்ஜ் இருந்தால் கூடுதலாக நாலைந்து வாங்கிக்கொள், ஸ்கார்ஃபும் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள். போட்டிருக்கிற ஸ்கார்ஃபை முதல் நாளே கொடுத்துவிட்டால் மறுநாள் அணிவகுப்புக்கு என்ன கட்டுவாய்? பேட்ஜ் தீர்ந்துவிட்டாலும் கவலையில்லை, ஒரு ரூபாய்க் கோலமாவுப் பொட்டலத்துக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டைக்கும் அங்கே நல்ல கிராக்கி. காசுக்கு மட்டும் விற்காதே. உன்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் நல்ல பேட்ஜைப் பேசி வாங்கவும் பார்க்காதே.

கொரியாவில் நடந்த உலக ஜம்போரியைப் பாதியில் நிறுத்தினார்களே. இங்கே அப்படி நடந்தால்?
– வாசகர், வேலூர்

நியாயமான பயம்தான். 2023 ஆகஸ்டில் சேமங்கத்தில் நடந்தது அது, 40,000க்கும் மேல் ஆட்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலம், மர நிழலே கிடையாது. வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், பிரிட்டன் தன் பிள்ளைகளைச் சியோல் ஹோட்டல்களுக்குக் கூட்டிப்போனது, கடைசியில் புயல் வருகிறதென்று முகாமையே காலி செய்தார்கள். நம் முகாம்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கின்றன, 2025இல் மணப்பாறை சிப்காட்டில் நடந்த வைர விழா ஜம்போரியும் ஜனவரிக் கடைசியில்தான் தொடங்கியது. அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள். நிழல் உண்டா, குடிநீர் எவ்வளவு தூரத்தில், மருத்துவர் முகாமிலேயே இருப்பாரா, என் பிள்ளையோடு வருகிற ஆசிரியர் யார், இந்த நான்கையும் புறப்படுமுன் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அனுப்ப வேண்டாம்.

இந்தச் சான்றிதழால் வேலை கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

ஜம்போரி சான்றிதழால் மட்டும் கிடைக்காது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. அதற்குச் சாரணர், சாரணியருக்கான உயரிய விருதான ராஷ்டிரபதி விருது அல்லது சாரணத் தலைவர்களுக்கான உயர் பயிற்சியை முடித்தவர்களுக்குத் தரும் ஹிமாலயா உட் பேட்ஜ் வேண்டும், ஐந்து வருடமாவது இயக்கத்தில் தொடர்ந்து இருந்திருக்கணும், தேசிய அளவில் இரண்டு, மாநில அளவில் இரண்டு நிகழ்வுகளில் கலந்திருக்கணும். ஜம்போரி அந்தத் தேசிய நிகழ்வுகளில் ஒன்றாகக் கணக்கில் வரும். எழுத்துத் தேர்வும் இருக்கிறது. சான்றிதழைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து லேமினேட் செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பில் சில இடங்களில் தகராறு செய்கிறார்கள், பிளாஸ்டிக் கவர் போதும்.