பாட்டி சுட்ட வடையும் ஆங்கிலச் சொற்களும்

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எழுதிவரச் சொல்கிறேன். டிக்டேஷனில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் முழிக்கிறார்கள். கதை, விளையாட்டு என்று இறங்கினால் வகுப்பு சந்தைக்கடை ஆகிறதே தவிர, சொல் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் பட்டியலைப் பாருங்கள் டீச்சர். பழம், விலங்கு, வாகனம் என்று பெயர்ச்சொற்களாகவே இருக்கிறதா? ஆப்பிள், பஸ் எல்லாம் பிள்ளைகள் தமிழிலேயே பேசுகிற சொற்கள்தான். வாக்கியம் அமைக்க அவர்களுக்குத் தேவைப்படுவது வாண்ட், கிவ், பிரிங், அண்டர், பிகாஸ் போன்றவை. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியலில் ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. பெயர்ச்சொற்கள் 95-ஐத் தனிப் பட்டியலாக வைத்தார். ஆனால் அது, பேசத் தெரிந்த சொற்களைப் படிக்கப் பழகும் அமெரிக்கக் குழந்தைகளுக்கானது. நம் பிள்ளைகளுக்குப் பேச்சும் புதிது. அதனால் எந்தச் சொல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், அட்டையில் எழுதி நீட்ட வேண்டாம்.

இன்னொன்று, ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். லெஃப்ட், ரைட் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் எது எது என்று குழம்பும். ஒன்று பழகட்டும், மற்றது அப்புறம். ஒரே வகைச் சொற்களைவிடத் தொடர்பில்லாத சொற்கள் சுலபமாக மனதில் நின்றதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. கதையில் சொற்கள் இயல்பாகவே அப்படிக் கலந்து வருகின்றன.

கதைக்குப் புதுப் புத்தகம் தேட வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதையே போதும். கதை தெரியுமென்பதால் பிள்ளையின் கவனம் முழுக்கச் சொல்லில் இருக்கும். ஒரு சின்ன மாற்றம்: நரிக்கு முன்னால் நாய், பூனை, அணில் எல்லாம் மரத்தடிக்கு வரட்டும். ஒவ்வொன்றும் "ஐ வாண்ட் தட் வடை, ப்ளீஸ்!" என்று கேட்க, காக்கா "நோ, கோ அவே!" என்று விரட்ட வேண்டும். மூன்றாவது பிராணி வருவதற்குள் வகுப்பே சேர்ந்து கத்தும். கத்தட்டும், அந்தச் சத்தம் நல்ல சத்தம். பிறகு நரி வந்து "சிங்!" என்கிறது. காக்கா வாயை ஓப்பன் பண்ண, வடை ஃபால். கையும் வாயும் சேர்ந்து நடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கதை, ஐந்தாறு புதுச் சொல், அதற்கு மேல் வேண்டாம்.

விளையாட்டு புதுச் சொல் கற்றுத்தராது. கதையில் கேட்டதை நினைவிலிருந்து எடுக்கவைக்கத்தான் அது. அதனால் மறுநாள் ஆடுங்கள், அடுத்த வாரம் ஒருமுறை திரும்ப ஆடுங்கள். சொல் தெரியாமலே ஜெயிக்க முடிகிற ஆட்டம் வீண். உதாரணமாகப் பாண்டிக் கட்டத்தில் சொற்களை எழுதிவிட்டுத் தாண்டச் சொன்னால் கால்தான் பழகும். சில்லு 'கிவ்' கட்டத்தில் விழுந்தால், ஆடுகிறவர் "கிவ் மீ தி சாக்" என்று ஒருவரிடம் கேட்டு, சாக்பீஸைக் கையில் வாங்கிய பிறகே சில்லை எடுக்கலாம் என்று விதி வையுங்கள். மற்றவர்கள் சரியா தப்பா என்று நடுவராக இருக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வேலை இருந்தால் பாதிச் சத்தம் தானாக அடங்கும். இடமில்லையென்றால் புளியங்கொட்டையை வைத்துக் கடை விளையாட்டு நடத்தலாம். "ஐ வாண்ட் த்ரீ" என்று கேட்டால்தான் மூன்று கிடைக்கும்.

டிக்டேஷனை நிறுத்தத் தேவையில்லை. தனிச் சொல்லாகக் கொடுக்காமல், அந்த வாரக் கதையிலிருந்து முழு வரியாகக் கொடுங்கள். ஆளுக்கு மூன்று வரி போதும்.